மாவுத் தண்ணீரில் வந்த ஓவியம்

நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. ஸ்கேல் வைத்தே பழகிய கை. அதை வைத்துக்கொண்டு நீர்வண்ணத்தில், உருவம் எதுவும் இல்லாத அரூப ஓவியம் கற்க ஆசைப்பட்டேன். எப்படித் தொடங்கினாலும் கடைசியில் ஒரு வீடும் தென்னையும் வந்து நின்றுவிடும். மாசியில் சேலத்தில் இரண்டு நாள் வகுப்பு என்று தெரிந்ததும் கிளம்பினேன். இதிலும் வரவில்லையென்றால் தூரிகைகளை அக்கா மகளிடம் கொடுத்துவிடுவது என்று முடிவு.

வகுப்பு கொண்டப்பநாயக்கன்பட்டியில், ஒரு மொட்டை மாடியில். காகிதத்தோடு சேர்த்து எண்ணூறு ரூபாய். சொல்லிக் கொடுத்த கவிதா திருச்செங்கோட்டுக்காரர், என்னைவிடப் பத்து வயது இளையவர். ஈர வண்ணத்தின் மேல் அவர் கல்லுப்பைத் தூவ, காகிதமெங்கும் பூப்பூவாக விரிந்தது. நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். என் காகிதத்தைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏனுங்ணா, மறுபடியும் ஊடு வந்துருச்சுங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது.

மறுநாள் வகுப்போடு வரைவதற்காக வாழப்பாடிப் பக்கம் ஜவ்வரிசி செய்யும் ஒரு சேகோ ஆலைக்குப் போனோம். சேலத்திலிருந்து முப்பது கிலோமீட்டர், பேருந்தில் ஒரு மணி நேரம். மரவள்ளிக் கிழங்கு மாவை சிமெண்டுக் களம் முழுக்கக் காயப் போட்டிருந்தார்கள். அந்த வெள்ளையில் கண் கூசியது. அதற்குப் பின்னால் நீலமாக மலை. எங்கே பார்ப்பது என்றே தெரியாமல் நின்றேன்.

களத்தில் மாவு கிளறிக்கொண்டிருந்த செல்வி அக்காவிடம் தண்ணீர் கேட்டேன். வாளி இருக்கும் பக்கம் கை காட்டினார். அங்கே இரண்டு வாளிகள். தெளிவாகத் தெரிந்த ஒன்றில் குவளையை ஆழமாக விட்டு அள்ளி, காகிதத்தில் ஊற்றி, சிவப்பையும் நீலத்தையும் ஓடவிட்டேன்.

"ஐயோ, அது மாவுத் தண்ணிங்க! பக்கத்து வாளியைத்தான் சொன்னேன்" என்று ஓடி வந்தார். அடியில் படிந்திருந்த மாவையும் சேர்த்து அள்ளியிருக்கிறேன். என்னிடம் இருந்த கடைசிக் காகிதம் அது. வெறுத்துப்போய் வெயிலில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்து குனிந்து பார்த்தேன். மாவு காய்ந்து வெடித்திருந்தது. வெடிப்புகளுக்குள் சிவப்பு ஆழமாக இறங்கியிருந்தது. மேடுகளில் நீலம் பொடிப்பொடியாக ஒட்டியிருந்தது. விரலால் தடவினால் நெருநெருவென்றது. இதுவா என் கையிலிருந்து வந்தது என்று நம்பவே முடியவில்லை.

அப்புறமும் பழைய புத்தி போகுமா? பென்சிலை எடுத்துவிட்டேன். ஓரத்தில் சின்னதாக ஒரு கூரை போட்டால் பார்ப்பவர்களுக்குப் புரியுமே என்று ஒரு எண்ணம். அப்போது செல்வி அக்கா எட்டிப் பார்த்தார்.

"இது எங்க களம்தானேங்க? திடீர்னு மழை வந்து மாவெல்லாம் நனைஞ்சு போச்சு ஒருநாள். அன்னைக்கு எனக்கு இப்படித்தான் இருந்துச்சு."

வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வீடில்லை, மரமில்லை, ஆனாலும் அவருக்கு அந்த நாள் தெரிந்திருக்கிறது. நான் பென்சிலைப் பைக்குள் போட்டுவிட்டேன்.

போக நினைப்பவர்களுக்கு: கிழங்கு அறுவடைக் காலத்தில் காலையிலேயே போங்கள், ஆலையில் அனுமதி கேளுங்கள், தொப்பி அவசியம். உணவுப் பொருள் காயும் இடம், வண்ணத்தைக் களத்துக்குத் தள்ளியே வைத்துக்கொள்ளுங்கள்.

ஊர் திரும்பி, என் அக்கா மகளுக்கு அந்தப் பென்சிலைக் கொடுத்தேன். தூரிகைகள் என்னிடமே இருக்கின்றன.