கல்சியம் இல்லாத குழாய்

கல்சியம் பட்டால்தான் விழிக்கும் புரதக் கைனேஸ் ஒன்று வெங்காய முளையில் இருக்கிறது. வெளியே வறட்சியோ உப்போ தாக்கினால் உயிர்க்கலத்துக்குள் கல்சியம் பாயும். உடனே இந்த நொதியம் விழித்து, மற்றப் புரதங்களில் பொஸ்பேற்றை ஒட்டி அவற்றை வேலைக்கு ஏவும். அதைக் காட்ட எனக்கு இரண்டு சோதனைக் குழாய்கள் போதும். நொதியம் விழித்ததைக் காட்டும் மருந்தை விட்டதும் கல்சியம் உள்ளது நீலமாக வேண்டும், இல்லாதது நிறமில்லாமல் இருக்க வேண்டும்.

ஆனால் கல்சியம் இல்லாத தண்ணீருக்கு யாழ்ப்பாணத்தில் நான் எங்கே போவது? எங்கள் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லில் வெட்டியவை; தண்ணீர் முழுக்கக் கல்சியம். போரால் மின்சாரம் நின்று இரண்டாவது வருடம்; பல்கலைக்கழகத்தில் தண்ணீரை ஆவியாக்கி வடிக்கும் கருவி தூசி பிடித்துக் கிடந்தது. மண்ணெண்ணெய் அடுப்பில் வடிக்கலாம்தான், விளக்குக்கே மண்ணெண்ணெய் இல்லை. மாதக்கணக்கில் இரண்டு குழாயும் நீலம். ஒருநாள் எரிச்சலில் ஒன்றைச் சுவரில் எறிந்தேன். கல்சியம் கலவாத மழைநீருக்குக் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஐப்பசியில் முதல் மழை பெய்தபோது நான் பங்கீட்டு அரிசிக்குச் சங்கக்கடை வரிசையில் நின்றேன். வீட்டுக்கு ஓடி வருவதற்குள் மழை விட்டுவிட்டது. முற்றத்தின் நடுவில் அம்மா என் கண்ணாடிப் போத்தல்களில் புனல் வைத்து மழைநீர் நிரப்பியிருந்தார். தெப்பமாக நனைந்திருந்தார்.

"நீ சொன்ன மாதிரி கூரைத் தண்ணி படாமல் பிடிச்சனான். போத்திலிலை தூசி கிடந்தது. கிணத்தடியிலை நாலுதரம் அலம்பிப்போட்டுத்தான் வைச்சனான்."

அந்த நொதியத்தை எழுப்ப ஒரு சொட்டுக் கிணற்றுத் தண்ணீர் போதும்.

மறுநாள் பின்னேரம் அம்மா கேட்டார்: "சரிவந்ததோ?"

"ஓம் அம்மா. நல்ல நீலம்."