நாலாவது கார்ட்

கிட்டாரில் சுரங்களைச் சேர்த்து மீட்டும் கார்ட்களில் எனக்கும் என் கணவருக்கும் பிடித்த வரிசை ஒன்றுதான் என்றால் அது முழு உண்மையில்லை. ஏ மைனர், ஜி, எஃப் வரைக்கும் ஒத்துப்போவோம். நாலாவதில்தான் சண்டை. எனக்கு அங்கே ஈ மேஜர் வேண்டும். கல்யாணத்துக்கு முன் சர்ச் பாடகர் குழுவில் கிட்டார் வாசித்த நாளிலிருந்து அந்த இறக்கம் என் விரல்களில் ஊறியிருந்தது. அவருக்கு மறுபடியும் ஜி வேண்டும். அவர் வாசிப்பது மவுத் ஆர்கன். ஈ மேஜரில் வருகிற ஜி ஷார்ப் அதில் கிடையாது, வெறும் ஜிதான் உண்டு. நான் ஈயைப் பிடித்திருக்கும்போது அவர் அந்த ஜியை ஊதினால் இரண்டும் முட்டிக்கொள்ளும். கேட்பவர்களுக்குப் பல் கூசும்.

"நாலாவது ஜியே இருக்கட்டும் அம்மணி. நான் பாவமில்ல?" என்பார்.

"உங்க மவுத் ஆர்கன்ல ஓட்டை பத்தலைன்னு சொல்லுங்க."

கடைசியில் விட்டுக்கொடுப்பது நான்தான். நான் அந்த நாலையும் சுற்றிச் சுற்றி வாசித்துக்கொண்டே இருக்க, அதன்மேல் அவர் மனதில் தோன்றியதை ஊதுவார். ஒருநாள் ஊதியதுபோல் இன்னொரு நாள் ஊதமாட்டார். எங்கே போனாலும் நாலாவது கார்டில் அந்த ஜிக்கு வந்து, மூச்சு தீரும்வரை நிற்பார். அந்த நிற்றலுக்காகவே விட்டுக்கொடுக்கலாம் என்று தோன்றும்.

அப்போது கருமத்தம்பட்டியில் தறிக்குடோனுக்கு மேல்மாடியில் குடியிருந்தோம். கீழே ஓடிய எட்டுத் தறியையும் அவர்தான் பார்த்துக்கொண்டார். எங்களுக்கு வேறு தாளம் தேவைப்படவில்லை. டீ குடித்த டம்ளரை வைத்துவிட்டு, தறியோடு சேர்ந்துகொள்வோம். பத்து மாத மகள் மெத்தையில் உட்கார்ந்து மரச்சொப்பைக் கடித்துக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் கீழே தறி ஓட்டும் அக்கா தண்ணீர் வாங்க மேலே வந்தார். குழந்தையை நாலைந்து தடவை கூப்பிட்டுப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மணி, பாப்பா கூப்புட்டாத் திரும்பவே மாட்டீங்குது? காது கேக்குதுங்களா?"

சாதாரணமாகத்தான் கேட்டார். அக்கா இறங்கியதும் குழந்தையின் முதுகுக்குப் பின்னால் தட்டைக் கரண்டியால் தட்டினேன். திரும்பவில்லை. குக்கர் விசில் அடித்தபோது அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இமைகூட அசையவில்லை. இவள் வயிற்றில் இருந்தபோது ஏழாம் மாதம்வரை இந்தச் சத்தத்துக்கு மேலேயே இருந்தேனே, ஐந்திலேயே அம்மா வீட்டுக்குப் போயிருந்தால்? அம்மா கூப்பிடத்தான் செய்தாள். இவருக்குச் சோறாக்க ஆள் இல்லை என்று நான்தான் தள்ளிப்போட்டேன்.

அவரிடம் சொன்னபோது சிரித்தார். "கரண்ட் போயித் தறி நின்னா அழுகறாளே. காது கேக்காமயா?"

"தரை அதிர்றது நின்னு போச்சுன்னு அழுகறாளோ என்னமோங்க."

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. அதைச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று அதற்கும் சேர்த்து வருந்தினேன். திங்கட்கிழமை கோயமுத்தூரில் குழந்தை டாக்டரைப் பார்ப்பதென்று முடிவுசெய்தோம்.

சனிக்கிழமை மத்தியானம் கரண்ட் போனது. தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. மகள் வழக்கம்போல் அழுது, கொஞ்ச நேரத்தில் சொப்பை எடுத்துக்கொண்டாள். அவர் மவுத் ஆர்கனை எடுத்தார்.

"நான் படிக்கட்டுல நின்னு ஊதறேன். அங்கிருந்து அதிர்வு வராதில்ல? நீ எப்பவும்போல வாசி. அவ எம்பக்கம் திரும்பறாளான்னு பாரு."

குழந்தையின் முதுகு படிக்கட்டுப் பக்கம் இருக்கும்படி உட்காரவைத்து, நான் எதிரே உட்கார்ந்தேன். ஏ மைனர், ஜி, எஃப், ஜி. சன்னமாகத்தான் மீட்டினேன். வெளியிலிருந்து அவருடைய ஊதல் வந்தது. தறிச் சத்தம் இல்லாமல் அதை நான் கேட்டதே குறைவு. இத்தனை மெல்லிய மனிதரா இவர் என்றிருந்தது. ஒரு சுற்று, இரண்டு, ஐந்து. மகள் சொப்பைக் கடித்துக்கொண்டே இருந்தாள்.

"திரும்பறாளா?" என்று வெளியிலிருந்து குரல் வந்தது.

கண்ணீர் கண்ணை மறைத்தது. கை மட்டும் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. எஃப் முடிந்ததும், பழைய பழக்கத்தில், விரல்கள் ஈயில் போய் விழுந்துவிட்டன. அதே நேரத்தில் அவர் தன் ஜிக்கு வந்து நீளமாக ஊதினார். பல்லில் மணல் கடிபட்டதுபோல் இரண்டும் முட்டின.

மகள் சொப்பை வாயிலிருந்து எடுத்தாள். முதலில் என் கிட்டாரைப் பார்த்தாள். பிறகு மெதுவாக உடம்போடு திரும்பி, ஆளே தெரியாத அந்தப் படிக்கட்டுக் கதவைப் பார்த்தாள். நெற்றி சுருங்கியிருந்தது.

"ஏனுங்க! இங்க வாங்க!"

ஓடி வந்தார். "என்ன அம்மணி, ஈக்குப் போயிட்ட?"

"திரும்பிட்டாளுங்க. தப்பா வாசிச்சதும் திரும்பிட்டா."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்து மகளைத் தூக்கிக்கொண்டார். "தினமும் கேக்கறதுக்கு எதுக்குத் திரும்போணும்னு இருந்திருக்கா போல," என்றார்.

அப்படியும் எனக்கு நம்பிக்கை பிறக்கவில்லை. தற்செயலாக இருக்கலாம் அல்லவா? திங்கட்கிழமை போகத்தான் செய்தோம். டாக்டர் கதவைச் சாத்திவிட்டுப் பக்கவாட்டில் சின்ன மணியை ஆட்டினார். உடனே திரும்பினாள். "காது நல்லாக் கேக்குதுங்க. ஆனா அந்தச் சத்தத்துக்கு மேல வச்சு வளர்த்தாதீங்க," என்றார். அடுத்த மாதமே நாலு தெரு தள்ளி வீடு மாறினோம். அங்கே நிசப்தத்தில் அவள் தூங்க மறுத்து எங்களைப் படுத்திய பாடு தனி.

அதன்பிறகு நாலாவது கார்ட் பற்றி எங்களுக்குள் சண்டையில்லை. ஈதான். அந்த இடத்தில் அவர் தன் ஜியை விட்டுவிட்டுக் காத்திருக்கப் பழகிக்கொண்டார். எப்போதாவது என் முகம் வாடியிருந்தால் வேண்டுமென்றே அதை ஊதுவார். மகள் திரும்பிப் பார்ப்பாள்.