இணைப்பு உள்ள எவரும்

அந்த நான்கு மாடிக் கட்டிடத்தில் அவருக்கு முடியக்கா என்று பெயர். தலைமுடியை வைத்துத் தொழில் செய்கிறார் என்பதால் வந்த பெயர்தான். ஆனால் தமிழில் இப்படியொரு பட்டம் ஒருவருக்கு வாய்த்துவிட்டால், எதையும் முடியாது என்று சொல்லும் உரிமை அவர் கையைவிட்டுப் போய்விடுகிறது. "முடியக்காவே முடியாதுன்னா எப்படி?" என்று கேட்டுக் கேட்டே, லிஃப்ட் பழுதுக்குக் கையெழுத்து வாங்குவது முதல் தண்ணீர்த் தொட்டி கழுவ ஆள் பிடிப்பது வரை எல்லாவற்றையும் அவர் தலையில் கட்டினார்கள். பிறர் தலையில் கட்டுவதையே பிழைப்பாகக் கொண்டவர் என்பதால் அவரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

இருபத்திரண்டு வயதில் முடி ஏற்றுமதிக் கிடங்கொன்றில் சேர்ந்தார். மூட்டையாக வரும் முடியை நீளவாரியாகப் பிரித்துக் கட்டும் வேலை. ஆறு வருடம் கழித்து வலையில் முடி கோக்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். மெல்லிய வலைத்தொப்பியில் கொக்கி ஊசியால் ஒவ்வொரு முடியாக இழுத்து முடிச்சுப் போட வேண்டும். ஒரு தலைக்கு முப்பதாயிரம் முடிச்சு. கழுத்து வலி கற்றுக்கொண்ட அளவுக்கு வேலையும் கற்றுக்கொண்டபின், நாற்பதாவது வயதில் இந்தக் கட்டிடத்தின் இரண்டாம் மாடியில் ஓர் அறை எடுத்தார். ஜன்னல் பக்கம் வெளிச்சத்துக்கு ஒரு மேசை, திரை போட்ட மூலை, அதற்குள் ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி. பலகையில் 'செயற்கைச் சிகை நிலையம்' என்று எழுதினார். ஊர் அதை டோப்பாக் கடை என்றது. அந்தச் சொல் காதில் விழுந்தால் மட்டும் அவர் முகம் சுருங்கும்.

"டோப்பா, நாடகக்காரங்க வைக்கிறது. என்கிட்ட வர்றவங்க நடிக்க வரல" என்பார்.

அது முழு உண்மையல்ல. அவரிடம் வந்தவர்களில் பாதிப் பேர் நடிக்கவே வந்தார்கள். மேடை அவரவர் வீட்டில் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். சிகிச்சையில் முடி கொட்டியவர்கள் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து முதலில் அளவைச் சொல்லமாட்டார்கள். யாருக்கெல்லாம் தெரியக் கூடாது என்பதைத்தான் சொல்வார்கள். முடியக்கா அதையும் எழுதிக்கொள்வார். அவருடைய பதிவேட்டில் தலைச் சுற்றளவு, நிறம், நீளம், வகிடு எந்தப் பக்கம் என்ற கட்டங்களுக்குப் பிறகு கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. "அலுவலகத்துக்குத் தெரியாது, கடைப் பெயர் போட்ட பை வேண்டாம்." "கணவருக்குத் தெரியும், மாமியாருக்குத் தெரியாது." "நூலகர். அம்மாவுக்கு தெரியாது, மூத்த மகள் (இவர் அக்கா) இதே நோயில் போனவர். வீட்டுக்குப் போன் செய்யக் கூடாது."

எழுதி வைக்காவிட்டால் யாராவது மறந்துபோய் வீட்டுக்குப் போன் அடித்துவிடுவார்கள் அல்லவா? நியாயமான பயம். ரகசியத்தை மறந்துவிடாமலிருக்க அதை எழுதிவைக்கும் வழக்கம் பெரிய பெரிய அரசாங்கங்களுக்கும் உண்டு. முடிவும் ஏறக்குறைய ஒன்றுதான்.

பதிவேடு காகிதத்தில் இருந்தவரை அது மேசை இழுப்பறையில் கிடந்தது. சாவி முடியக்காவின் இடுப்பில் கிடந்தது. சிக்கல், நாத்தனாரால் வந்தது. கணவரின் தங்கையான அவர்தான் வீட்டிலிருந்தபடியே பாதி முடிச்சுகளைப் போடுகிறவர். நாளுக்கு ஆறு தடவை போன் செய்து, "அண்ணி, அந்த நர்ஸம்மாவுக்கு வகிடு இடதா வலதா?" என்று கேட்பார். இதைக் கண்ட மூத்த மருமகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பதிவேட்டை முழுவதும் கணினியில் ஏற்றிக் கொடுத்தார். ஓர் அலுவலகத்தில் கணினிப் பிரிவில் இருக்கிறவர். நாத்தனாரை அவர் சித்தி என்று கூப்பிடுவார்.

"இனிமே இது க்ளவுடுல இருக்கும் அத்தை. நீங்க கடையில பாக்கலாம், சித்தி வீட்டுல பாக்கலாம். தீப்பிடிச்சாலும் போகாது."

"எனக்குத் தீயைப் பத்திக் கவலை இல்ல மாப்பிள்ளை. வேற யாரும் பாக்க மாட்டாங்களே?"

"நீங்க யாருக்குக் குடுக்கிறீங்களோ அவங்க மட்டும்தான். பகிர்னு ஒரு பொத்தான் இருக்கு பாருங்க, அதை அழுத்திச் சித்திக்கு அனுப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு மருமகன் சாப்பிடப் போனார். மருமகனைச் சோறு ஆறும்வரை உட்காரவைத்துப் பாடம் கேட்பது மாமியார் லட்சணமல்ல. முடியக்காவே பொத்தானை அழுத்தினார்.

திரை தமிழிலேயே கேட்டது. 'குறிப்பிட்டவர்கள் மட்டும்' என்று ஒரு வரி, 'இணைப்பு உள்ள எவரும்' என்று ஒரு வரி. முதல் வரி, விருந்துக்கு அழைத்துவிட்டு வாசலில் பட்டியல் சரிபார்ப்பது போல அவருக்குப் பட்டது. இரண்டாவது குடும்பப்பாங்காக இருந்தது. இணைப்பு என்றால் தொடர்பு, ஒட்டுறவு. நாத்தனாருக்கும் தனக்கும் இருபத்தெட்டு வருட இணைப்பு. இதைவிட வேறென்ன வேண்டும்? அதையே தேர்ந்தெடுத்தார். 'திருத்தலாம்' என்பதற்கும் தாராளமாக அனுமதி கொடுத்தார். அந்த இணைப்பு என்பது உறவல்ல, ஒரு முகவரி என்பதும், அந்த முகவரி கையில் கிடைத்த எவரும் கதவைத் தட்டாமல் உள்ளே வரலாம் என்பதும் அந்த வரியில் எங்கும் எழுதியிருக்கவில்லை. மொழிபெயர்த்தவர் நல்ல தமிழில்தான் மொழிபெயர்த்திருந்தார்.

பிறகு முகவரியைப் போனில் அனுப்பினார். நாத்தனாரின் எண்ணை 'கடை நாத்தி' என்று போட்டுவைத்திருந்தார். அதற்கு நேர்கீழே 'கடை நண்பர்கள்'. கட்டிடத்துக் கடைக்காரர்கள் இருபத்தேழு பேரும் உள்ள குழு. கட்டைவிரல் ஒரு நெல்மணி அகலம் கீழே இறங்கியது. அடுத்த நிமிடமே குழுவில் தண்ணீர்த் தொட்டிச் சண்டை மூண்டதால் அனுப்பியது மேலே போய் மறைந்தது. "அண்ணி, ஒண்ணும் வரலியே" என்று நாத்தனார் சொன்னார். இன்னொரு முறை, இம்முறை சரியாக, அனுப்பினார். பத்தொன்பது நாள் எல்லாம் நலமாகவே நடந்தது.

இருபதாம் நாள் காலையில் பதிவேட்டைத் திறந்தால், நிறம் என்ற கட்டத்தில் இருந்த 'கருப்பு' எல்லாம் 'கறுப்பு' ஆகியிருந்தது. அறுபத்து மூன்று பேருக்கும். முடியக்கா நாத்தனாரைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, நீயா மாத்தின?"

"எனக்கு ரெண்டு ற-வும் ஒண்ணுதான் அண்ணி. நீங்க பச்சைன்னு எழுதினாலும் நான் கருப்பு முடியத்தான் கோப்பேன்."

பதில், கீழ்த்தளத்து முத்திரைக்காரரிடமிருந்து வந்தது. ரப்பர் முத்திரை செய்கிற மனிதர். ஓர் எழுத்துப் பிழைத்தால் முத்திரையையே தூக்கிப்போட வேண்டிய தொழில் என்பதால், உலகத்தைப் பிழையாகவே பார்க்கிறவர். படிக்கட்டில் முடியக்காவைக் கண்டதும் அவரே நின்றார்.

"பாத்தீங்களா? சொல்லிக்காட்ட வேணாம்னுதான் இருந்தேன். அறுபத்து மூணு இடம்! கண்ணு கூசிச்சு. நிறத்துக்கு வல்லின ற-தான்மா."

"எங்க பாத்தீங்க நீங்க?"

"நீங்கதானே குழுவுல போட்டீங்க? எதுக்குப் போட்டாங்கன்னு யோசிச்சேன். பிழை பாக்கத்தான் இருக்கும்னு விட்டேன்."

"கடைசிக் கட்டமும் படிச்சீங்களா?"

முத்திரைக்காரரின் குரல் தணிந்தது. "படிச்சுட்டேன்மா. யாருகிட்டயும் மூச்சு விடல. ஒரே ஒரு சந்திப்பிழை இருந்துச்சு, அதை மட்டும் சரி பண்ணேன்."

"எது?"

"'அம்மாவுக்குத் தெரியாது.' அதுல 'த்' விட்டுட்டீங்க."

அன்று மதியம் மருமகன் அலுவலகத்தில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு ஓடிவந்தார். வந்ததும் 'குறிப்பிட்டவர்கள் மட்டும்' என்று மாற்றினார். இரண்டே பேரின் பெயரைப் போட்டார். கடவுச்சொல்லோடு போனுக்கு வரும் எண்ணும் கேட்கும்படி செய்தார். பழைய கடவுச்சொல், தன் மகளின் பிறந்தநாளாக முன்பு அவரே வைத்தது. அதையும் மாற்றினார். எல்லாம் பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடத்தை அன்றைக்கே செலவழித்திருக்கலாம் என்று இருவரும் நினைத்தார்கள். மாமியாரும் மருமகனும் என்பதால் இருவரும் சொல்லவில்லை.

"யாரு திருத்தினாங்கன்னு இதுல தெரியும் அத்தை. யாரு பாத்தாங்கன்னு தெரியாது."

"ஒருத்தர் பாத்தாரா இருபத்தேழு பேரும் பாத்தாங்களா?"

"தெரியாது. யாராவது இறக்கி வச்சிருந்தா, அதுவும் நம்ம கையில இல்ல." மருமகன் தரையைப் பார்த்தார். "விடுங்க அத்தை. இப்ப பூட்டியாச்சு. நாமளா போய்ச் சொல்லலேன்னா யாருக்கும் தெரியாது."

"யாருக்குத் தெரியும்னே தெரியாதுன்னு இப்பத்தானே மாப்பிள்ளை சொன்னீங்க?"

முடியக்கா குழுவின் பெயர்களை ஒவ்வொன்றாக நகர்த்தினார். சாவி கடை, கண்ணாடிக் கடை, தையல், பயண ஏற்பாடு. பதினாறாவது பெயரில் விரல் நின்றது. மருந்துக்கடைக்காரர். நூலகரின் அம்மாவுக்கு மாதாமாதம் ரத்த அழுத்த மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பவர் அவர்தான்.

மறுநாள் நூலகம் திறக்கும் நேரத்துக்கே முடியக்கா போய்விட்டார். நூலகர் மேசைக்குப் பின்னால் இருந்தார். வகிடு வலப்பக்கம், காதோரம் இரண்டு நரை. அந்த இரண்டு நரையையும் முடியக்காவே தேடிப்பிடித்துக் கோத்திருந்தார், பொய் ரொம்ப அழகாக இருந்தால் யாரும் நம்பமாட்டார்கள் என்று. 'அமைதி காக்கவும்' என்ற பலகைக்கு அடியில் நின்று, வாழ்க்கையில் இதுவரை எவரிடமும் சொல்லாத அளவு பெரிய விஷயத்தை அவர் கிசுகிசுவென்று சொல்லவேண்டியிருந்தது.

"உங்க பேரு, உங்க விவரம், குறிப்பு எல்லாம் பத்தொன்பது நாள் திறந்து கிடந்துச்சுமா. என் தப்புதான். இன்னொருத்தர் மேல சொல்ல எதுவும் இல்ல. எங்க கட்டிடத்துக்காரங்க யாரு வேணா பாத்திருக்கலாம். மருந்துக்கடைக்காரரும்."

நூலகர் கையிலிருந்த புத்தகத்தின் பின்னட்டையில் தேதி முத்திரையை வைத்தார். எடுக்கவில்லை. அழுத்திக்கொண்டே இருந்தார்.

"போன வாரம்" என்றார் கடைசியில், அதே தணிந்த குரலில், "அந்த ஆளு மாத்திரை குடுத்துட்டு அம்மாகிட்ட, 'பொண்ண நல்லாப் பாத்துக்கங்க'ன்னு சொல்லிட்டுப் போனாராம். ஏன் அப்படிச் சொன்னாருன்னு அம்மா மூணு தடவ கேட்டுட்டாங்க. நான் மூணு தடவையும் ஒவ்வொரு பொய் சொன்னேன்."

முடியக்காவால் எதுவும் சொல்ல முடியவில்லை.

"கடைசி ஸ்கேன் அடுத்த மாசம். அது நல்லா வந்தா, அதைக் கையில வச்சுக்கிட்டுச் சொல்லலாம்னு நாள் குறிச்சிருந்தேன். 'இருந்துச்சு, இப்ப இல்ல'ன்னு. அக்காவுக்கு 'இருக்கு'ன்னு சொன்ன நாளை அவங்க இன்னும் மறக்கல." முத்திரையை எடுத்தார். தேதி இரட்டையாக விழுந்திருந்தது. "அந்த நாளை நீங்க எடுத்துட்டீங்க."

"நான் வந்து அம்மாகிட்ட..."

"வேணாம். நீங்க வர வேணாம். நாலாவது தடவ கேக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன்."

வெளியே வந்த முடியக்கா மருந்துக்கடைக்குப் போனார். மருந்துக்கடைக்காரர் நல்ல மனிதர். நல்லதை நினைத்தே சொன்னதாகச் சொன்னார். முடியக்கா அதை மறுக்கவில்லை. "இரக்கப்படறதா இருந்தா உங்க மனசுக்குள்ளயே படுங்க அண்ணே" என்று மட்டும் சொல்லி, அவர் போனில் அந்தப் பதிவேட்டின் பிரதி எதுவும் இல்லை என்று கண்ணால் பார்த்துவிட்டு நகர்ந்தார். மற்ற இருபத்தைந்து கடைகளுக்கும் அதே வேலையாக ஏறி இறங்கினார். மூன்று கடைகளில் கதவு மூடும் முன்னமே சிரிப்புக் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

நான்காம் நாள் மாலை நூலகர் கடைக்கு வந்தார். திரைக்குப் பின்னால் போகாமல் ஜன்னல் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்தார்.

"சொல்லிட்டேன்."

"அம்மா?"

"கழட்டச் சொன்னாங்க. தலையத் தடவிட்டே இருந்தாங்க, ரொம்ப நேரம். அப்புறம், எத்தன மாசமா தனியா ஆஸ்பத்திரிக்குப் போனேன்னு கேட்டாங்க. ஆறுன்னேன். அதுக்குத்தான் அழுதாங்க." பிறகு, "என் பேர எடுத்துடுங்க" என்றார்.

முடியக்கா பதிவேட்டைத் திறந்தார். அந்த வரியை அவர் கண் முன்னாலேயே அழித்துக் காட்டிவிட்டு வேலை முடிந்தது என்று சொல்லியிருக்கலாம். நான்கு நாளில் மருமகனிடம் கற்றது அதற்கு இடம்கொடுக்கவில்லை.

"இங்க அழிச்சாலும் பழைய பிரதியில இருக்கும்மா. அதனால இதையே வச்சுக்கப் போறதில்ல." புதிதாக ஒரு பட்டியல் திறந்தார். அறுபத்திரண்டு பேரின் அளவும் நிறமும் வகிடும் அதில் ஏறின. குறிப்பு என்ற கட்டம் ஏறவில்லை. பழையதை அழித்தார். பிறகு குப்பைத் தொட்டியையும் திறந்து அங்கிருந்தும் அழித்தார். 'நிரந்தரமாக நீக்கவா?' என்று திரை கேட்டபோது, பொத்தானை நூலகரையே அழுத்தச் சொன்னார்.

நூலகர் அழுத்தினார். மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. முடியக்காவும் கேட்கவில்லை. வாசலில் செருப்பை மாட்டும்போது, "வகிட்டுல கொஞ்சம் தளர்ந்திருக்கு. அடுத்த வாரம் கொண்டு வர்றேன்" என்றார்.

அவர் படியிறங்கும் சத்தம் அடங்கியபின், பழையதை அழிக்கும் முன்பே எண்களைக் குறித்துவைத்திருந்த ஒரு காகிதத்தை முடியக்கா எடுத்தார். வீட்டிலோ அலுவலகத்திலோ தெரியாது என்று சொன்னவர்கள் இன்னும் பத்துப் பேர். முதல் எண்ணை அழுத்தினார். அந்தப் பக்கம் ஒரு பெண் குரல் எடுத்தது. முடியக்கா தன் பெயரையோ கடையின் பெயரையோ சொல்லவில்லை.

"பக்கத்துல யாராவது இருக்காங்களாமா?" என்று முதலில் கேட்டார்.