கிளிப் படத்தோடு வந்த வேவுக்காரன்

இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு, ஆடி பிறந்த வாரத்தில், விருதுநகரில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் வேவு பார்க்கும் மென்பொருள் ஒன்று குடியேறியது. அழைத்து வந்தது ஒரு கிளி.

என் மனைவியின் அண்ணன் அச்சங்குளம் பக்கம் சிறிய பட்டாசு யூனிட் நடத்தினார். புதிய பூச்சட்டி, அதாவது புஸ்வாணப் பெட்டிக்கு லேபிள் செய்ய, டிசைனரை விட்டுவிட்டு என்னிடம் வந்தார். பெட்டிமேல் இருக்கும் படத்துக்கும் உள்ளே இருக்கும் சரக்குக்கும் என்ன தொடர்பு என்று எங்கள் வட்டாரத்தில் யாரும் கேட்பதில்லை. அவர் கேட்டது பஞ்சவர்ணக்கிளி.

இணையத்தில் ஒரு கிளி இலவசமாகக் கிடைத்தது. கூடவே ஒரு சின்ன மென்பொருளையும் ஏற்கச் சொன்னார்கள், ஏற்றேன். மறுநாள் முதல் எதைத் திறந்தாலும் சீட்டாட்டம், உடல் மெலிய மருந்து, வெளிநாட்டு மணமகள் என விளம்பரங்கள் முளைத்தன. லேபிளில் ஓர் எழுத்தை நகர்த்திவிட்டு, அது போய்ச் சேருவதற்குள் டீ குடித்து வரலாம். சேமிக்கப் போனால் கம்ப்யூட்டர் உறைந்து நின்றது.

பதினெட்டாம் பெருக்கு வந்துவிட்டால் சிவகாசி அச்சகங்கள் காலண்டர் வேலையில் இறங்கிவிடும். அதற்குள் லேபிள் போகாவிட்டால் மச்சானின் பூச்சட்டி வெறும் வெள்ளைப் பெட்டியில்தான் தீபாவளிக்குப் போக வேண்டும்.

முதலில் முறைப்படி நீக்கினேன். போவதற்கு முன் அது வருத்தம் தெரிவித்து, என்ன குறை என்று கேட்டது. பொறுப்பாக எழுதிக் கொடுத்தேன். மறுபடி கம்ப்யூட்டரைப் போட்டால் அங்கேயே இருந்தது. பிறகு களையெடுக்கும் மென்பொருள் ஒன்றை ஓட்டினேன். 'எல்லாம் சுத்தம்' என்று அது அறிவித்தது. அந்த அறிவிப்பின் மேலேயே மணமகள் வந்து நின்றாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மச்சான் பொறுமை இழந்தார். "தேடுறப்ப இது எங்கன போவுது மாப்ளே?"

"தேடுறோம்னு அதுக்குத் தெரிஞ்சிருது மச்சான். பேர மாத்திக்கிட்டு ஒளிஞ்சிக்கிடுது. தேடி முடிச்சதும் திரும்ப வந்துருது."

"களவாணி! இப்படியுமா ஒரு பித்தலாட்டம்?"

காபி கொண்டுவந்த என் மனைவி கேட்டாள்: "ஏண்ணே, ஆபீசர் ஜீப்பு வருதுன்னு சாத்தூர் டீக்கடையில இருந்து போன் வந்தா, சட்டப்படி ரூமுக்கு நாலு பேரு போக மிச்ச ஆளுக எங்கன போறாக?"

"அது தொழிலு தாயி. இது திருட்டு."

மச்சான் காபியைக் குடித்து டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ஒரே ஒரு ஆபீசருகிட்டதான் மாப்ளே மாட்டுனோம். காலையில நாங்க யூனிட்டு கேட்டத் தொறக்க முன்னாடியே வந்து உக்காந்துட்டாரு மனுசன்."

கம்ப்யூட்டர் பத்திரிகை ஒன்றும் ஏறக்குறைய அதையேதான் சொல்லியிருந்தது: அது எழும் முன்பே போய்ப் பிடி. நான்தான் பயந்து அந்தப் பக்கத்தைத் தாண்டியிருந்தேன். கம்ப்யூட்டர் விழிக்கும்போதே விசையை அழுத்தி 'சேஃப் மோடு'க்குப் போனேன். அவசியமானவை மட்டுமே எழுந்தன. ஆள் வேறு வேறு பெயர்களில் பல இடங்களில் படுத்திருந்தான். ஒவ்வொன்றாக அழித்தோம். மறுபடி இயக்கியபோது கிளி மட்டும் இருந்தது. மச்சானுக்கு மகிழ்ச்சிதான்; ஆனாலும் பக்கத்து யூனிட்டுக்குச் சீல் வைத்ததைப் பார்த்துவிட்டு வந்தவர் போல முகத்தில் சிறு கலக்கம்.

பெருக்குக்கு முந்தின நாள் சிடியோடு சிவகாசி அச்சகத்துக்குப் போனோம். ஆபரேட்டர் சிடியைப் போட்டதும் திரையில் உடல் மெலிய மருந்து வந்தது. ஈயை விரட்டுவது போல அதை மூடினார். அடுத்தது சீட்டாட்டம். அதையும் மூடினார்.

"இத எடுக்க மாட்டீகளா தம்பி?" என்றார் மச்சான்.

"எதுக்குண்ணே? ரொம்ப நாளா இங்கதான் இருக்கு. அது பாட்டுக்கு வரும், நான் பாட்டுக்கு மூடுவேன். வேலை நடக்குதுல்ல?"

லேபிள் அன்றே அச்சுப் பிளேட் போடப் போனது. மச்சான் முகம் தெளிந்தது.

"பாத்தீகளா மாப்ளே," என்றார், "வெவரமான ஆளுக அனுசரிச்சுப் போறாக."