லாரி மாதிரி இருக்கக் கூடாது

சங்ககிரியில் உட்கார்ந்துகொண்டு யாருக்கும் புரியாத சிற்பம் செய்வது லேசான காரியமில்லை. ஊரில் பாதிப் பேர் லாரியால் பிழைக்கிறவர்கள். பழைய இரும்பைப் பற்றவைத்து நான் எதையாவது நிறுத்தினால், பட்டறைக்கு வருகிறவர்கள் அதைச் சுற்றிவந்து உதிரி பாகம் சரிபார்ப்பார்கள். "இது பின் ஸ்பிரிங் பட்டைங்க. இது கிளட்ச் தட்டு. மேல இருக்கறது பம்பருங்களா?" அதற்குமேல் பார்க்க அவர்களுக்கு ஒன்றும் இருக்காது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அக்காவின் வீட்டுக்காரர் சொந்த லாரி ஓட்டியவர். லோடு இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில், நாக்பூர் பக்கம், விபத்தில் போய்விட்டார். மாமாவை ஆம்புலன்சில் கொண்டுவந்தோம். வண்டி அங்கேயே ஒரு காவல் நிலைய வாசலில் கிடந்தது. வழக்கெல்லாம் முடிந்து, பழைய லாரிகளை உடைக்கும் எங்கள் ஊர் இடத்துக்கு அதை இழுத்துவர ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது.

தகவல் தெரிந்ததும் அக்கா பட்டறைக்கு வந்தாள்.

"அந்த இரும்புல கொஞ்சம் ஊட்டுக்கு வேணுஞ்சாமி. நீ என்னமோ செய்யறயல்ல, அந்த மாதிரி ஒண்ணு செஞ்சு குடு."

அடிபட்ட வண்டியின் ஆணியைக்கூட எங்கள் சனம் வாசலுக்குள் விடமாட்டார்கள். பெரியப்பாவுக்குத் தெரிந்தால் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார் என்றேன். அவள் அசையவில்லை.

"லாரி மாதிரி இருக்கக் கூடாது. அவரு மாதிரியும் இருக்கக் கூடாது. பாத்தா எனக்குத் தாங்காது."

சிற்பத்துக்கு உருவம் ஏன் வேண்டாம் என்று கண்காட்சிகளில் வாய் கிழியப் பேசியிருக்கிறேன். இவ்வளவு நியாயமான காரணம் ஒன்றுகூட எனக்குத் தோன்றியதில்லை.

முதலில் செய்ததைப் பார்க்க வந்தவள் பட்டறை வாசலிலேயே நின்றுவிட்டாள். கேபினில் ஏறும் படியின் வளைவு பிடித்துப்போய் அதை முழுசாக வைத்திருந்தேன். "அவரு காலு வெக்கற எடம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள். அத்தனையையும் பிரித்தேன். பட்டைகளைப் பழுக்கக் காய்ச்சி முறுக்கினேன். தகட்டைக் கீற்றுக் கீற்றாக வெட்டி, பெயின்ட் போகத் தீயில் காட்டினேன். படியையும் வெட்டினேன். அதை வெட்டும்போது மட்டும் அழுதேன்.

முடிந்ததும் தெரிந்த டிரைவர்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டு அதன் முன்னால் நிறுத்தினேன். குனிந்து பார்த்தார்கள், தட்டிப் பார்த்தார்கள்.

"என்னங்க இது, ஒண்ணும் புடிபடலீங்களே" என்று ஒருவர் கோபித்துக்கொண்டார்.

எந்தப் பாராட்டுக்கும் நான் அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை. இருவருக்கும் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

டெம்போவில் ஏற்றி அக்கா வீட்டுக்குக் கொண்டுபோனேன். முன்வாசலில் மாமா லாரி நிறுத்தும் இடத்தில் அவள் ஒரு சைக்கிளைக்கூட நிறுத்தவிடாமல் காலியாக வைத்திருந்தாள். அங்கேதான் இறக்கச் சொன்னாள். பெரியப்பா வந்துவிட்டார். இரும்பு எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியாது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினார்.

"என்ன சாமி இது? ஒண்ணு மாதிரியும் இல்லியே?"

நான் எதையாவது சொல்லிச் சமாளிக்க வாயெடுத்தேன். அதற்குள் அக்கா அதன்மேல் கையை வைத்தாள்.

"வண்டிங்க பெரியப்பா. ஊட்டுக்கு வந்துருச்சுங்க."