ஏரித் திட்டில் ஏகாம்பரம்

பதினான்கு வயதில் என் நண்பன் ஏகாம்பரத்தை ஏரி நடுவே விட்டுவிட்டு வந்தேன். குமணன்சாவடி பஞ்சர் கடையில் இன்று ஈர ரப்பர் வாடை அடித்ததும், அன்று நாங்கள் மிதவையாக்கிய பழைய லாரி டியூப் மறுபடி என் அக்குளை உரசியது.

எண்பதுகளின் தொடக்கம். நான் ஆவடியில் தொழிற்சாலைக் குடியிருப்பில் இருந்தேன். அவன் கோவில்பதாகையில் கூலிக்காரர் மகன். தீவில் சிக்கிய இரண்டு நண்பர்களின் கதையை நூலகத்தில் எடுத்துச் சேர்ந்து படித்தோம். அதுபோல வாழ்ந்து பார்க்க, டியூபைப் பிடித்துக்கொண்டு ஏரி நடுவே இருந்த மண் திட்டுக்குப் போனோம். சுள்ளி மூட்டி வேர்க்கடலை சுட்டுத் தின்றோம்.

தொழிற்சாலைச் சங்கு ஊதியது. அப்பா வீடு திரும்பும் நேரம். டியூபில் காற்று இறங்கியிருந்தது, ஒருவரைத்தான் தாங்கும். அவனுக்கு நீச்சல் தெரியாது. எனக்கும் டியூப் இல்லாமல் கரைவரை நீந்த முடியாது.

"நீ போய் ஆள இட்டுக்கினு வா மச்சான். நா இங்கியே கீறேன்" என்றான்.

டியூபோடு நான் மட்டும் கரையேறினேன். வீட்டில் அப்பாவின் பெல்ட்டுக்குப் பயந்து நான் வாயே திறக்கவில்லை.

மறுநாள் காலை மீன் பிடிப்பவர்கள் அவனைக் காய்ச்சலோடு கரை சேர்த்தார்கள். தனியாகப் போனதாகவே எல்லோரிடமும் சொன்னான். புத்தகம் கெடுத்துவிட்டதென்று அவன் அப்பா பள்ளிப் படிப்பை நிறுத்தி லேத் பட்டறையில் சேர்த்தார். நான் கல்லூரி வரை படித்தேன். அவனைக் கண்டால் ஒதுங்கினேன்.

பஞ்சர் கடையிலிருந்து நேரே அவன் வீட்டுக்குப் போய், அன்று பயந்து யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்ட உண்மையைச் சொன்னேன்.

"உன்ன ஊட்ல போட்டு பூட்டிட்டாங்கன்னு இத்தினி வருசமா நென்ச்சிக்கினு இருந்தேன். எம் புள்ளைங்களுக்கும் அப்டித்தான் சொல்லிகீறேன்" என்றான். "இப்ப வந்து இத இன்னாத்துக்கு சொன்னே?"

எழுந்து உள்ளே போனான். அவன் மனைவி வைத்த டீ ஆறும்வரை உட்கார்ந்திருந்தேன். அவன் வெளியே வரவில்லை.