டண்டினொங்கில் ஒரு கடலோரக் கொடி

பக்கத்து வீட்டுத் திராட்சைக்கொடியை நாங்கள் கொன்றுவிட்டோம் — எழுபதுகளின் நடுவில், தென்கோளத்து டண்டினொங்கில் எங்கள் முதல் குளிர்காலத்தில், எங்கள் குடும்பம் அப்படித்தான் நம்பியது.

கொடி பியெத்ரோவுடையது. இத்தாலியின் லிகூரியாக் கரையிலிருந்து வந்து, இங்கே தொழிற்சாலையில் வேலை செய்தவர். தாயாருக்குச் சுகமில்லை என்று ஊருக்குப் புறப்பட்டபோது, "என் அப்பாவின் தோட்டத்துக் குச்சியிலிருந்து வளர்ந்தது இது. அந்தத் தோட்டம் இப்போது இல்லை" என்று சொல்லி, அதை எங்கள் அப்பாவிடம் ஒப்படைத்தார்.

அப்பா யாழ்ப்பாணத்துக்காரர். திராட்சைப் பந்தல் அவருக்குத் தெரியாததா? தினமும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார். குளிர் தொடங்கிய ஜூனில் இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. ஜூலையில் ஒன்றுகூட இல்லை... ஊரில் திராட்சை தானாக இலையுதிர்த்து அவர் கண்டதேயில்லை.

சமைத்துக்கொண்டிருந்த அம்மா குசினி ஜன்னலால் எட்டிப்பார்த்தார். "இஞ்சருங்கோ, அந்த மனுசன் திரும்பி வந்து கேட்டால் என்ன சொல்லப் போறியள்?"

"களவு போயிட்டுதெண்டு சொல்லுவமே?"

"வேரோடையோ?"

அப்பா சிரிக்கவில்லை. ஆகஸ்ட்டில் கத்தரிக்கோலை எடுத்தார். "ஊரிலை வெட்டிவிட்டால் துளிர்க்கும். ஒருக்காச் செய்து பாப்பம்." கிளைக்கு இரண்டு கணு மட்டும் விட்டு வெட்டினார்.

செப்டெம்பரில் பியெத்ரோ திரும்பினார். வேலியோரம் வாளியோடு நின்ற அப்பா மெதுவாகச் சொன்னார்: "மன்னிக்க வேண்டும். கொடி செத்துவிட்டது."

பியெத்ரோ குனிந்து கணுக்களைத் தடவினார். எல்லாவற்றிலும் மொட்டு புடைத்திருந்தது. "குளிரில் தூங்கியது. சரியான நேரத்தில் வெட்டியும் விட்டிருக்கிறீர்கள். ஆனால், அந்த வாளியை ஒளித்துவையுங்கள்."

பிறகு விளக்கினார். அவருடைய ஊரில் மலை நேரே கடலுக்குள் இறங்குமாம். கல் அடுக்கிய படிகளில் கையளவு மண். கோடையில் மழையில்லை, உப்புக்காற்றும், கடலில் பட்டுத் திரும்பும் வெயிலும்தான். தாகமெடுத்த கொடியில்தான் வைனுக்குச் சாரம் சேரும். தண்ணீர் மிஞ்சினால் இலைதான் மிஞ்சும்.

மறு ஆண்டு ஒரு போத்தல் வெள்ளை வைன் எங்கள் வீட்டுக்கு வந்தது. அம்மா சாமியறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து ஒரு வாய் குடித்தார். "கொஞ்சம் உப்புக் கரிக்குது. நல்லாத்தான் இருக்கு."

டண்டினொங்கில் கடல் எங்கே? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

புதுநிலத்தில் முதற்குளிரைக் கழிப்பவர்களும் வெறுங்கிளையாகத்தான் தெரிவார்கள் — அவசரப்பட்டுக் கணக்கை முடித்துவிடக் கூடாது.

பியெத்ரோ இல்லை. அப்பாவும் அம்மாவும் இல்லை. இந்த ஆகஸ்ட்டில் கிளைக்கு இரண்டு கணு விட்டுக் கொடியை வெட்டியது நான்.